கோணல் பேனாவின் நேர்மை

கோணலாக இருப்பதெல்லாம் குற்றமுடையது என்று எண்ணுவது நம் வழக்கம். கோணல் வழி, கோணல் புத்தி, கோணல் எழுத்து என்று எதைப் பழிக்கப் புகுந்தாலும் கோணலைத்தான் முதலில் இழுத்து வருகிறோம். ஆனால், கோணலாகச் செய்தால்தான் நேராக வேலை செய்யும் கருவி ஒன்று உண்டு. மையில் தொட்டு எழுதும் பேனாவின் முள்ளை ஒரு புறமாகச் சாய்த்துப் பிடிக்கும் சாய்முள் பேனாத்தண்டே அது. அதைக் கடைசல் எந்திரத்தில் கடைந்து எடுப்பது எப்படி என்பதையும், அந்த வேலையில் நான் கற்றுக்கொண்ட பாடத்தையும் இக்கட்டுரையில் கூற விரும்புகிறேன்.

இயற்பியல் மாணவனுக்குப் பேனாத்தண்டில் என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். என் விடுதித் தோழர் ஒருவர் ஆங்கிலச் சாய்வெழுத்தில் வல்லவர். மணவிழா அழைப்பிதழ் உறைகளில் பெயர் எழுதிக் கொடுத்துத் தம் கைச்செலவுக்குப் பணம் தேடிக்கொள்பவர். அவருடைய வெளிநாட்டுப் பேனாத்தண்டு கீழே விழுந்து முறிந்துவிட்டது. புதியது வாங்கும் விலையைக் கேட்டு அவர் மனம் சோர்ந்திருந்தபோது, "எங்கள் ஊரில் என் மாமா கடைசல் பட்டறை வைத்திருக்கிறார். விடுமுறையில் ஒன்று செய்து வருகிறேன்" என்று வாக்களித்துவிட்டேன். வாக்கு எளிதாகக் கொடுத்தாயிற்று. வேலை அவ்வளவு எளிதாக இல்லை.

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டத்தில், சித்தூர் வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியது. பனையும் தென்னையும் நிறைந்த ஊர். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து என் தாத்தா காலத்தில் அங்கே குடியேறிய குடும்பம் எங்களுடையது. வீட்டில் தமிழ், கடைவீதியில் தமிழும் மலையாளமும், அலுவலகத்தில் மலையாளம் என்று வாழ்கிறவர்கள் நாங்கள். ஆனால் கடைசல் தொழிலுக்கு மட்டும் இரு மொழியிலும் ஏறத்தாழ ஒரே சொல்தான். நாம் கடைச்சல் என்பதை அவர்கள் கடச்சில் என்பார்கள். தயிர் கடைவதற்கும் மரம் கடைவதற்கும் தமிழில் ஒரே வினை இருப்பதற்குக் காரணமும் உண்டு. மோட்டார் வருவதற்கு முன், மத்தைப் போலவே மரத்திலும் கயிற்றைச் சுற்றி ஒருவர் மாறி மாறி இழுப்பார். மரம் முன்னும் பின்னுமாகச் சுழலும். மற்றொருவர் உளி பிடிப்பார். மரம் தம் பக்கமாகச் சுழலும்போது மட்டும் உளியைக் கொடுத்து, எதிர்ப்புறம் சுழலும்போது விலக்கிக்கொள்வார்.

முள் ஏன் சாய வேண்டும்?

தொட்டெழுதும் பேனாவின் எஃகு முள் நடுவே பிளவுண்டு இரண்டு கவைகளாக இருக்கும். கீழ்நோக்கி இழுக்கும்போது சற்று அழுத்தினால் கவைகள் விரியும், கோடு தடிக்கும். மேல்நோக்கிச் செல்லும்போது அழுத்தம் இல்லை, கவைகள் சேரும், கோடு மெலியும். சாய்வெழுத்தின் அழகெல்லாம் இந்தத் தடிப்பிலும் மெலிவிலும்தான் அடங்கியிருக்கிறது.

இரண்டு கவைகளும் சமமாக விரியவேண்டுமானால், முள்ளின் பிளவும் இழுக்கும் கோடும் ஒரே திசையில் இருக்கவேண்டும். பிளவு கோட்டுக்குக் குறுக்கே திரும்பியிருந்தால் பாரம் முழுவதும் ஒரு கவையின்மேல் விழும். அக்கவை காகிதத்தைக் கீறும். மேலே செல்லும்போது காகித நாரில் மாட்டி மையைத் தெறிக்கும்.

காப்பர்பிளேட் என்று சொல்லப்படும் சாய்வெழுத்தின் சாய்வு, அடிக்கோட்டிலிருந்து 55 பாகை. அதாவது எழுத்து மேலே செல்லச் செல்ல வலப்புறம் சாய்கிறது. வலக்கையால் எழுதுபவரின் பேனாவோ கையின் வழியே வலத்தோளை நோக்கிக் கிடக்கிறது. அதன் முனை இடப்புற மேலே பார்க்கிறது. எழுத்து ஒரு பக்கம், பேனா மறுபக்கம். காகிதத்தை இடப்புறமாகத் திருப்பி வைத்தால் இந்த வேற்றுமையில் ஒரு பகுதி தீரும். எஞ்சியதைத் தீர்க்க மணிக்கட்டை முறுக்கவேண்டும். முறுக்கிய கையோடு நெடுநேரம் எழுத இயலாது. ஆகவே, கையை வளைப்பதற்குப் பதிலாகப் பேனாவை வளைத்தார்கள். தண்டின் இடப்புறத்தில் ஒரு பித்தளைத் தகட்டைப் பொருத்தி, அதில் முள்ளை வலப்புறம் நோக்கிச் செருகினார்கள். கை தன் இயல்பில் இருக்க, முள் எழுத்தின் சாய்வில் நிற்கிறது. இடக்கைக்காரருக்கு இந்தத் தொல்லை குறைவு. அவர் கை வரும் திசையும் எழுத்தின் சாய்வும் பெரும்பாலும் ஒத்துப்போவதால், நேர்த்தண்டே அவருக்குப் போதும்.

இங்கிலாந்தில் 1831-ஆம் ஆண்டில் சாம்ப்ஸன் மார்டன், வில்லியம் பிராக்டன் என்னும் இருவர் சாய்முள் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றனர். அவர்கள் முள்ளையே சாய்வாகச் செய்தார்கள். பின்னர்த் தண்டில் தகடு பொருத்தும் முறை பரவியது. அமெரிக்காவில் கொலம்பஸ் நகரில் 1888-ஆம் ஆண்டில் சார்ல்ஸ் ஸானர் நிறுவிய எழுத்துக்கலைக் கல்லூரி வழியாக இத்தகைய தண்டுகள் புகழ் பெற்றன. எழுதக் கற்பித்தவர்களே தண்டையும் கடைந்து கொடுத்த காலம் அது.

நம் எழுத்துக்கு இந்தக் கருவி தேவைப்படவில்லை. ஓலையில் எழுத்தாணி கீறிய கோடு எங்கும் ஒரே தடிப்புள்ளது. பின்னர் மையைத் தடவியபோதுதான் அது கண்ணுக்குத் தெரிந்தது. அழுத்திக் கீறினால் கோடு தடிக்காது, ஓலைதான் கிழியும். தமிழும் மலையாளமும் வட்ட வடிவு கொண்டதற்கு ஓலையும் ஒரு காரணம் என்று அறிஞர் கூறுவர். எனினும் பேனா செய்யும் கைத்தொழில் நமக்குப் புதிதன்று. இராஜமுந்திரியில் கே. வி. ரத்னம் 1932-ஆம் ஆண்டில் கையால் கடைந்து உருவாக்கத் தொடங்கிய சுதேசிப் பேனாவைக் காந்தியடிகள் பாராட்டிக் கடிதம் எழுதினார். நம் திருவள்ளூரில் இன்றும் எபோனைட்டைக் கையால் கடைந்து ஊற்றுப்பேனா செய்கிறார்கள். அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்களும் கன்னட நாட்டுச் சென்னபட்டணத்துப் பொம்மைகளும் கடைசலின் பிள்ளைகளே. ஆகவே, வேற்றுநாட்டுக் கருவி என்று நாம் ஒதுங்கவேண்டியதில்லை.

மரம் தேர்தல்

நான் முறிந்த தண்டைக் கையில் கொடுத்ததும் மாமா சிரித்தார். "என்ன மாப்ளே, கட்டில் காலு கடைஞ்ச கைக்கு வெளக்குமாத்துக் குச்சி கடையச் சொல்றே?" என்றார். அவர் சிரிப்பில் சிறிது வருத்தமும் இருந்தது. எஃகுக் கட்டிலும் அச்சில் வார்த்த நாற்காலியும் வந்தபின் அவருக்குக் கட்டில் கால் கடையும் வேலையே அருகிவிட்டது.

எங்கள் ஊர்ப் பனையில் செய்யவேண்டும் என்பது என் ஆசை. முதல் துண்டு பனைதான். பனைக்குத் தேக்கைப் போல ஆண்டு வளையம் கிடையாது. கரிய உறுதியான நார்க்கற்றைகள் மென்மையான சோற்றுக்குள் செருகியது போல் இருக்கும். வெளிப்புறத்தில் நெருங்கியும் உட்புறத்தில் அகன்றும் அமைந்திருக்கும். உத்திரத்துக்கும் கைத்தடிக்கும் அது உறுதியான மரம். ஆனால் 8 மில்லிமீட்டர்த் தடிப்புக்கு மெலிந்தபோது, நார்களுக்கு இடையிலிருந்த மென்பகுதி பெயர்ந்து, நார்கள் சிலாம்பு சிலாம்பாக எழுந்துவிட்டன. பனையை வைத்துவிட்டு வெட்பாலையை எடுத்தோம். சென்னபட்டணத்துப் பொம்மைகளுக்குப் பயன்படும் மரம் அது. வெண்மையானது, நெருங்கிய இழையுள்ளது, உளிக்கு இணங்குவது.

மரத்தில் இரண்டு செய்திகளைக் கவனிக்கவேண்டும். முதலாவது, அது நன்கு உலர்ந்திருக்கவேண்டும். மரம் காயும்போது எல்லாத் திசைகளிலும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. ஆண்டு வளையத்தின் போக்கில் சுருங்கும் அளவு, நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுருங்கும் அளவைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. பச்சை மரத்தில் வட்டமாகக் கடைந்த தண்டு காய்ந்ததும் முட்டை வடிவாகும், வளையவும் கூடும். இரண்டாவது, துண்டை ரம்பத்தால் அறுப்பதைவிட இழையின் வழியே பிளந்து எடுப்பது நல்லது. ரம்பம் இழையைப் பார்க்காது. பிளவு இழையைப் பின்பற்றும். மெல்லிய தண்டில் இழை குறுக்கே ஓடினால் அந்த இடத்தில் முறிவு உறுதி.

கடைசல்

எங்கள் தண்டின் நீளம் 180 மில்லிமீட்டர். விரல் பிடிக்கும் இடம் 12 மில்லிமீட்டர், அதன் பின்னுள்ள இடுப்பு 8, வால் நுனி 5. முன்முனையை எந்திரத்தின் வால்பக்கத்துக் கூர்முனையிலும், வால் நுனியாக வேண்டிய பக்கத்தைத் தலைப்பக்கத்துச் சக்கிலும் பிடித்தோம்.

வேகத்தில்தான் என் முதல் தவறு. மெல்லிய பொருள், மெல்லச் சுழலட்டும் என்று எண்ணினேன். உளிக்குத் தெரிவது சுற்றின் எண்ணிக்கை அன்று. மரத்தின் மேற்பரப்பு அதன் வாயைக் கடக்கும் வேகம். நிமிடத்துக்கு 2000 சுற்றில், 75 மில்லிமீட்டர்க் கட்டில் காலின் மேற்பரப்பு வினாடிக்கு ஏறத்தாழ 7.9 மீட்டர் ஓடுகிறது. அதே சுற்றில் 12 மில்லிமீட்டர்த் தண்டின் மேற்பரப்பு 1.3 மீட்டர்தான் ஓடுகிறது. ஆகவே தண்டு மெலியும்போது சுற்றைக் கூட்டவேண்டுமே தவிரக் குறைக்கக் கூடாது.

இரண்டாவது தவறு பெரியது. வளைவாய் உளியால் உருட்டி எடுத்தபின், சாய்வாய் உளியைப் பிடித்து நடுவில் அழுத்தினேன். தண்டு விர்ரென்று அதிர்ந்தது. மேற்பரப்பில் திருகு போன்ற வரிகள் விழுந்தன. அடுத்த கணம் முறிந்து பறந்தது. மாமா எந்திரத்தை நிறுத்தினார். "உளியை அழுத்தாதே மாப்ளே. மரந்தான் உளிகிட்ட வரோணும். மெலிசைக் கடைசியா வை" என்றார்.

அதன்பின் அவர் செய்ததைப் பார்த்தேன். வால்பக்கத்திலிருந்து தொடங்கி, முன்முனையையும் பிடியையும் முழுமையாக முடித்தார். அதன்பிறகே தலைப்பக்கம் நோக்கி அங்குலம் அங்குலமாக நகர்ந்தார். முடியாத பகுதி தடித்தே இருந்ததால் அதுவே முடிந்த பகுதிக்குத் துணையாயிற்று. அவருடைய வலக்கை உளியைப் பிடித்தது. இடக்கைப் பெருவிரல் உளியின்மேல் இருக்க, மற்ற விரல்கள் தண்டின் பின்புறத்தை மெல்லத் தாங்கின. தண்டு அதிரவே இல்லை. நன்றாக உருண்டு வழவழப்பான தண்டில் மட்டுமே, அதுவும் பழகிய கையால்தான் இதைச் செய்யலாம். சட்டைக் கையை மடக்கிக்கொள்வதும் கண்ணுக்குக் கண்ணாடி அணிவதும் கட்டாயம்.

இரவில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரு முனையில் தாங்கிய தண்டின் நடுவில் ஒரு விசை தாக்கினால், அது வளையும் அளவு நீளத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்திலும் விட்டத்தின் நான்மடிக்குத் தலைகீழ் விகிதத்திலும் இருக்கும். தேக்கைப் போன்ற விறைப்புள்ள மரத்தில், 180 மில்லிமீட்டர் நீளமும் 14 மில்லிமீட்டர் விட்டமும் உள்ள தண்டை, அரைக் கிலோ எடைக்குச் சமமான விசை 0.03 மில்லிமீட்டர்கூட வளைக்காது. விட்டத்தை 7 ஆகப் பாதியாக்கினால் வளைவு 16 மடங்காகி 0.4 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. உளி எடுக்கும் சீவலின் தடிப்பைவிட இது அதிகம். தண்டு உளிக்கு விலகி, மீண்டும் துள்ளி வந்து மோதும். நான் கண்ட திருகு வரிகள் அம்மோதலின் தடயங்களே. நடுவில் விரல் தாங்கினால் தண்டு இரண்டு குறுந்தண்டுகள் போலாகிறது. நீளம் பாதியானால் வளைவு எட்டில் ஒரு பங்கு. மாமா எட்டாம் வகுப்புடன் நின்றவர். நீளத்தின் மும்மடியை அறியமாட்டார். ஆனால் எங்கே தாங்கவேண்டும், எப்போது தாங்கவேண்டும் என்பது அவர் விரலுக்குத் தெரியும். சூத்திரம் தெரிந்த எனக்கு அது தெரியவில்லை.

முனை அச்சில் நிற்கவேண்டும்

இனி, இத்தண்டின் உயிர்நிலையான செய்தியைக் கூறுகிறேன். முள் எவ்வளவு சாய்ந்திருந்தாலும், அதன் முனை மட்டும் தண்டின் நடு அச்சை நீட்டினால் வரும் கோட்டின்மேல் விழவேண்டும். எழுதும்போது விரல்களுக்கிடையே தண்டு சிறிது உருளுவது இயல்பு. முனை அச்சின்மேல் இருந்தால், தண்டு உருண்டாலும் முனை இருந்த இடத்திலேயே இருக்கும். அச்சைவிட்டு 5 மில்லிமீட்டர் விலகியிருந்தால், தண்டு 20 பாகை உருளும்போது முனை ஏறத்தாழ 1.7 மில்லிமீட்டர் இடம் மாறிவிடும். சிற்றெழுத்தின் உயரமே சில மில்லிமீட்டர் என்னும்போது இது சிறு பிழையாகாது.

இதற்கான கணக்கு எளியது. முள் அச்சுக்கு 30 பாகை சாய்ந்து, தகட்டில் பொருந்தும் இடத்திலிருந்து முனைவரை 24 மில்லிமீட்டர் இருக்குமானால், அந்தப் பொருந்துமிடம் அச்சிலிருந்து 12 மில்லிமீட்டர் இடப்புறம் தள்ளியிருக்கவேண்டும். 30 பாகையின் சைன் அரை என்பதைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அதைக் கையால் தொட்டுப் பார்த்தது எனக்கு இதுவே முதல் முறை.

அச்சு எங்கே இருக்கிறது என்பதை எப்படி அறிவது? கடைசல் எந்திரமே அதைக் குறித்துவைத்திருக்கிறது. வால்பக்கத்துக் கூர்முனை, தண்டின் முன்முகத்தில் ஒரு சிறு குழியை விட்டிருக்கும். அக்குழியே அச்சின் அடையாளம். உப்புத்தாள் போடும் ஆவலில் மூன்றாவது தண்டில் நான் அதைத் தேய்த்து அழித்துவிட்டேன். பிறகு கண்மதிப்பாகப் பிளவு போட்டேன். அது ஒருபுறம் ஒதுங்கிவிட்டது. நான்காவதில் குழியைக் காத்து, அதன் வழியே நகைவேலை செய்வோரின் மெல்லிய ரம்பத்தால் 12 மில்லிமீட்டர் ஆழத்துக்குப் பிளவு போட்டோம். 0.3 மில்லிமீட்டர்ப் பித்தளைத் தகட்டை வெட்டி, அதன் வெளிநுனியை முள்ளின் அடிப்பகுதியைச் சுற்றி வளைத்து, மறுபுறத்தைப் பிளவில் செருகினோம். முள்ளைப் பொருத்தி, தண்டை வால்புறத்திலிருந்து ஒரு கண்ணால் நோக்கி, முனை நடுவில் தெரியும்வரை தகட்டைச் சிறிது சிறிதாக வளைத்துத் திருத்தினோம். இரு கவைகளும் காகிதத்தில் ஒருங்கே படியுமாறு தகட்டைச் சற்றே திருப்பிவிட்டபின், பசையிட்டு நிலைநிறுத்தினோம்.

பளபளப்புக்கு அரக்கே போதும். தண்டு முழுவதும் முடிந்து, பிளவு போடுவதற்கு முன், எந்திரத்தில் சுழலும்போதே அரக்குக் கோலை அதன்மேல் வைத்து அழுத்தவேண்டும். உராய்வின் வெப்பத்தில் அரக்கு இளகி மரத்தில் படியும். சென்னபட்டணத்தில் அதைத் தாழை மடலால் தேய்த்து மெருகேற்றுவார்கள். நாங்கள் பருத்தித் துணியால் தேய்த்தோம், குறையொன்றும் இல்லை.

முடிவுரை

விடுமுறை முடிந்து திரும்பியதும் தண்டைத் தோழரிடம் கொடுத்தேன். அவர் ஒன்றும் பேசாமல் மையில் தொட்டு ஒரு வரி எழுதினார். மேலேறும் கோடுகள் மயிரிழைபோல் வந்தன; ஒரு துளியும் தெறிக்கவில்லை. "பிடி கொஞ்சம் தடிப்பு. அடுத்ததை 10 மில்லிமீட்டராகச் செய்யச் சொல்லுங்கள்" என்றார். அடுத்தது என்ற சொல்லே எனக்குப் போதுமான பாராட்டாக இருந்தது. அவரைப் போல எழுதுவோர் மேலும் மூவர் தங்களுக்கும் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள்.

நான்கு பேனாத்தண்டுகள் ஒரு பட்டறையைக் காப்பாற்றிவிடும் என்று நம்பும் அளவுக்கு நான் பேதையல்லேன். மாமாவின் பெரிய லேத்தைப் பழைய இரும்பு விலைக்குக் கேட்டிருக்கிறார்கள். அவர் இன்னும் மறுமொழி சொல்லவில்லை. அவருக்குப்பின் அத்தொழிலைச் செய்ய எங்கள் குடும்பத்தில் எவரும் இல்லை, நானும் இல்லை. ஆனால், விரல் எங்கே தாங்கவேண்டும், எந்தப் பகுதியைக் கடைசியில் மெலிக்கவேண்டும், எந்தக் குழியை அழிக்கக் கூடாது என்பவை அவரோடு போய்விடவேண்டிய அவசியம் இல்லை. அவற்றை எழுதிவைக்கலாம். ஏன் அப்படி என்பதற்குக் காரணமும் சொல்லலாம். அறிவியல் படிக்கும் நாம் செய்யக்கூடிய பணி அது.

நம் சங்கத்து அன்பர்கள் ஒவ்வொருவர் ஊரிலும் இப்படி ஒரு பட்டறை, ஒரு தறி, ஒரு சூளை இருக்கும். அடுத்த விடுமுறையில் அங்கே ஒரு நாள் சென்று உட்காருங்கள். முதலில் கையால் செய்து, தவறுங்கள். அதன்பின் கேளுங்கள். கேட்டதைத் தமிழில் எழுதி இந்த ஏட்டுக்கு அனுப்புங்கள். எப்பக்கம் சாய்ந்து கற்றாலும், நம் முனை நாம் பிறந்த மண்ணின் அச்சைவிட்டு விலகாமல் இருக்கட்டும்.